கூரைக்குப் பின்னால் வந்த தூண்

வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, விருத்தாசலம் சாலையில் ஒரு நடை நடந்து பாருங்கள். போன வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தைக் கூட்டம் கலைந்த பிறகு, நான் அப்படித்தான் நடந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். சும்மா நடப்பதற்கு எதையாவது எண்ணிக்கொண்டு நடக்கலாமே என்று தூண்களை எண்ணினேன். கல்யாண மண்டபம், நகைக்கடை, புதிதாகக் கட்டிய வீடுகள் என்று எங்கே பார்த்தாலும் முகப்பில் உருண்டைத் தூண். தலையில் இலைக்கொத்து, காலில் வளையம், உடம்பில் நெடுக்குவரி. ஐம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இதற்கு நம் ஊர்ப்பக்கம் ‘ரோமன் பில்லர்’ என்று பெயர். வழியில் ஒரு மண்டபத்தின் முன்னால் நின்று, ஒரு தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தகர டப்பாவைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. காவலுக்கு இருந்தவர் எழுந்து வந்து, “என்ன பெரியவரே, யாரப் பாக்கணும்?” என்றார். “யாரையும் இல்லப்பா, இது தூணான்னு பாத்தேன்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவர் பார்த்ததில் தவறில்லை. ஆனால் என் கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே எனக்குள்ள கோபம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தூண் என்றால் என்ன என்று பார்ப்போம். சிரிக்காதீர்கள். எழுபது வயதுக்கு மேல் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலைமை வந்திருக்கிறது.

சிறு வயதில் நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; புதுச்சேரி வழக்கில் ‘சொல்தா’. பள்ளிக்கூடத்தில் வரலாறு என்றால் அன்றைக்கு எங்களுக்கு கிரேக்கமும் ரோமும்தான். சோழனையும் பல்லவனையும் நான் அரசு வேலைக்கு வந்த பிறகு பொது அறிவுப் புத்தகத்தில் படித்துக்கொண்டேன். அது வேறு கதை. ஆனால் அந்த வாத்தியார் ஒன்றை உருப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். தூணின் தலையைப் பார்த்துச் சாதியைச் சொல்ல வேண்டும் என்பார். தலையில் வெறும் பலகையும் வட்டமும் இருந்தால் டோரிக். இரண்டு பக்கமும் ஆட்டுக்கடா கொம்பு போலச் சுருள் இருந்தால் அயோனிக். இலைக்கொத்து இருந்தால் கொரிந்தியன். கடற்கரைச் சாலைக்கு அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கட்டடமாகக் காட்டுவார். தப்பாகச் சொன்னால் அந்தத் தூணுக்கே முகம் காட்டி நிற்க வைப்பார்.

அந்தத் தலை எதற்கு என்றும் சொன்னார். அழகுக்கு என்று எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. கல்லை அழுத்தினால் அது தாங்கும். இழுத்தால், வளைத்தால் விரிசல் விட்டுவிடும். இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு கல் உத்தரத்தை வைத்தால், அதன் அடிப்பக்கம் இழுபடும். இடைவெளி அதிகமானால் முறிந்துவிடும். அதனால்தான் தூண்களை நெருக்கி நெருக்கி வைத்தார்கள். ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலில் ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையத்துக்குச் சுமார் 14 அடிதான். தூணின் தலையைச் சற்று அகலமாக விரித்தால், உத்தரம் உட்கார இடமும் கிடைக்கும், கடக்க வேண்டிய தூரமும் குறையும். தலை வந்த காரணம் அதுதான். அதற்குப் பிறகுதான் அதில் சுருளும் இலையும் முளைத்தன.

இதைச் சொல்லும்போது நம் சிற்பிகளை நினைக்காமல் இருக்க முடியாது. நம் கோயில் தூணின் உச்சியில் இருபுறமும் கை நீட்டியது போல ஒரு கல் இருக்குமே, அதற்குப் போதிகை என்று பெயர். அது செய்வதும் இதே வேலைதான். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் அடுத்த முறை கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில் அது. சதுரம், கட்டு, பலகை, போதிகை, அதன் மேல் உத்தரம் என்று ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். எதையாவது ஒன்றை உருவினால் மேலே உள்ளது கீழே வரும். ஏதென்ஸ் கல்தச்சனும் நம் கல்தச்சனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கல்லின் குணம் ஒன்று என்பதால் விடையும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. நமக்கு ஆயிரங்கால் மண்டபம் வந்ததும் இதே காரணத்தால்தான். ஆயிரம் கால் ஆடம்பரத்துக்கு வைத்ததல்ல. கல்லை வைத்துப் பெரிய கூடம் கட்ட அன்றைக்கு வேறு வழியில்லை.

பார்த்தினனைக் கி.மு. 447-இல் தொடங்கி 438-இல் கட்டி முடித்தார்கள். வெளிச்சுற்றில் 46 தூண்கள். ஒவ்வொன்றும் 34 அடி உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் நேராக இருப்பது போலத் தெரியும். உண்மையில் தூணின் நடுவில் லேசாக ஒரு பருமன் இருக்கிறது. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமன். எல்லாத் தூண்களும் மயிரிழை போல உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன. கண் ஏமாறும் இடத்தைக் கணக்குப் போட்டு அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். ரோமானியர்கள் வளைவையும் கான்கிரீட்டையும் கையில் எடுத்தார்கள். ரோமில் பாந்தியன் என்ற கோயிலின் குவிமாடம் 142 அடி விட்டம், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. உள்ளே ஒரு கம்பி கிடையாது. உயரே போகப் போக எடை குறைந்த கல்லைக் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். இன்றைக்கும் நிற்கிறது. அதன் முன் மண்டபத்தில் 16 தூண்கள். ஒவ்வொன்றும் 39 அடி உயர ஒற்றைக்கல். பெரும்பாலானவை எகிப்தில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தவை. ‘ரோமன் பில்லர்’ என்றால் அது. நம் கூட்டுரோட்டில் இருப்பது அதன் பெயரைத் திருடிக்கொண்ட சிமென்ட் ஓடு.

இந்தத் தூண் நம் நாட்டுக்கு எப்படி வந்தது? ரோமானியரே கொண்டுவந்தார்களா என்றால் இல்லை. அவர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டுக்கு வந்தவர்கள்தான். 1945-இல் வீலர் தோண்டியபோது இத்தாலிய மட்பாண்டமும், மது கொண்டுவந்த ஜாடிகளும் கிடைத்தன. மணிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். தூணை விட்டுவிட்டுப் போகவில்லை. தூண் பிறகு சுற்றி வளைத்து வந்தது. இத்தாலியில் பல்லாடியோ என்பவர் பழைய ரோமாபுரி இடிபாடுகளை அளந்து 1570-இல் நூலாக வெளியிட்டார். அது பாரிசுக்கும் லண்டனுக்கும் போனது. அங்கிருந்து படப்புத்தகமாகக் கம்பெனி எஞ்சினியர்களின் பெட்டியில் மதராசுக்கும் புதுச்சேரிக்கும் வந்து இறங்கியது.

வந்த இடத்தில் அது என்ன செய்தது என்பதுதான் முக்கியம். சென்னையில் ராஜாஜி மண்டபத்தைப் பார்க்காத தமிழன் இருக்க மாட்டான். நேரில் பார்க்காவிட்டாலும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் ஆகியோரின் உடல்களை அஞ்சலிக்கு வைத்த படிக்கட்டு அதுதான். 1802-இல் முடிந்த கட்டடம். கட்டியவர் கோல்டிங்காம், வானியல் பார்த்தவர். கிரேக்கக் கோயில் வடிவம். திப்புவைத் தோற்கடித்த வெற்றியைக் கொண்டாடக் கட்டிய விருந்து மண்டபம். அந்தக் காரணத்தை நான் ஆதரிக்கவில்லை; கட்டடத்தை மட்டும் பேசுகிறேன். எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1821. உள்ளே 16 கொரிந்தியன் தூண்கள் வட்டமாக நின்று ஒரு குவிமாடத்தைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன. பூமி இளகலாக இருந்ததால் கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டார்கள். பாரிமுனைப் பக்கம் பச்சையப்பன் மண்டபம், ஏதென்ஸின் தீசியஸ் கோயிலைப் பார்த்து 1846-க்கும் 1850-க்கும் இடையில் எழுந்தது. பச்சையப்ப முதலியாரின் தர்மப் பணத்தில் நம் பிள்ளைகள் படிக்க எழுந்த மண்டபம். அதை அந்நியம் என்று எந்த வாயால் சொல்வது?

இவற்றில் பல தூண்கள் பளிங்கு போலத் தெரியும், பளிங்கல்ல. உள்ளே செங்கல். மேலே சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கியது நம் கொத்தனார்களின் கை. ‘அதுவும் வேஷம்தானே’ என்று யாராவது கேட்கலாம். பூச்சு வேஷம்தான், ஒப்புக்கொள்கிறேன். தூண் வேஷமல்ல. பூச்சைச் சுரண்டினால் உள்ளே எடை தாங்கும் செங்கல் இருக்கிறது. தூணுக்குப் பின்னால் பத்தடி தாழ்வாரம் இருக்கிறது. சித்திரை வெயில் சுவரைத் தொடாது. ஐரோப்பியன் தன் ஊர்க் குளிருக்குக் கற்ற வடிவத்தை நம் ஊர் வெயிலுக்கு மாற்றிக்கொண்டான்.

புதுச்சேரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கம், தமிழர் தெருக்களில் சில பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. கீழே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண், முற்றம். மாடியில் வளைவு ஜன்னல், சுண்ணாம்புத் தூண், கைப்பிடிச் சுவர். கீழ்வீடு தமிழ், மேல்வீடு பிரெஞ்சு. என் மாமா குடியிருந்தது அப்படி ஒரு வீட்டில்தான். கீழே வழிப்போக்கன் உட்காருவான், மேலே காற்று வாங்குவோம். இரண்டு பாணியும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் இரண்டுமே வேலை செய்தன.

பாரதி பூங்காவின் நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தைச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் நெப்போலியன் காலத்தது. பார்த்தால் ரோமாபுரி வெற்றி வளைவு போல இருக்கும். ஆனால் அது எந்த ராஜாவின் வெற்றிக்கும் எழுந்ததல்ல. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிதண்ணீர் வந்ததன் நினைவாக எழுந்தது. தன் மாளிகையைத் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை அதோடு சேர்ந்தது. இன்றைக்குப் புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். ரோமானிய வடிவம், தமிழ்ப் பெண்ணின் பெயர், குடிக்கிற தண்ணீர். வெளியூர் வடிவத்தை வாங்கிக்கொள்வது என்றால் இப்படி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி நம் சங்கதிக்கு வருகிறேன்.

வேப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பூர்வீக வீடு. அண்ணன் காலமான பிறகு அவர் மகன் பார்த்துக்கொள்கிறான். நாட்டு ஓடு, பனங்கை, முன்பக்கம் இரண்டு திண்ணை, நான்கு வேப்ப மரத்தூண். தூணின் அடியில் கருங்கல் பாதம். ஈரமும் கரையானும் மரத்தில் ஏறாமல் இருக்க அந்தக் கல். தாத்தா காலத்துத் தூண், எண்ணெய் தேய்த்த முதுகுகள் சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருக்கும். சந்தைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் விடியற்காலையில் அங்கே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். என் அண்ணிக்கு அந்தத் திண்ணைதான் உலகம். கீரை ஆய்வது அங்கே, கணக்குக் கேட்பது அங்கே, ஊர்ச் செய்தி வந்து சேர்வதும் அங்கே.

நான்கு வருடத்துக்கு முன்பு அண்ணன் மகன் முகப்பை இடித்துக் கட்ட முடிவு செய்தான். அது அவன் உரிமை. ஓடு ஒழுகத்தான் செய்தது. செல்போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். “சித்தப்பா, நீங்க பாண்டிச்சேரியில பிரெஞ்சு படிச்சவரு. இந்த டிசைன் எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க.” படத்தில் நான்கு இலைத்தலைத் தூண். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? திண்ணை எங்கேடா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இதுக்குப் பேரு கொரிந்தியன். கிரேக்கத்துல கொரிந்துன்னு ஒரு ஊரு...” என்று ஆரம்பித்தேன். வாத்தியார் சொன்ன கதையையும் சொன்னேன். இறந்துபோன ஒரு சிறு பெண்ணின் சமாதியில் அவளுடைய கூடையை வைத்தார்களாம். மேலே ஒரு ஓட்டை மூடி வைத்தார்களாம். கீழே இருந்த முள்ளிச் செடி வசந்தத்தில் தழைத்துக் கூடையைச் சுற்றி வளர்ந்ததாம். அதைப் பார்த்த கல்லிமாக்கஸ் என்ற சிற்பி அப்படியே தூண் தலையில் செதுக்கினானாம். அறுபது வருடம் யாருக்கும் பயன்படாமல் எனக்குள் கிடந்த படிப்பு. கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் கொட்டிவிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். “சித்தப்பாவே சூப்பர்னு சொல்லிட்டாரு” என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டான்.

வேலை நடக்கும்போது ஒருநாள் போனேன். போர்ட்டிகோவுக்குக் கான்கிரீட் கூரை போட்டு, முட்டுக் கொடுத்து, தண்ணீர் கட்டி, முட்டும் எடுத்தாகிவிட்டது. கூரை பின்னால் உள்ள பீமிலிருந்து நீண்டு தானே நிற்கிறது. தூணைக் காணோம். “தூண் எங்கேப்பா?” என்றேன். “அது அடுத்த வாரம் வண்டியில வருதுங்க” என்றார் கொத்தனார். வந்தது. பாதி பாதியாகப் பிளந்த சிமென்ட் ஓடுகள். நடுவில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஓட்டை வைத்து ஒட்டிப் பட்டி பார்த்து, தங்கநிறம் அடித்துவிட்டார்கள். கூரை முதலில், தூண் பிறகு! உள்ளே நரசிம்மர் தாராளமாக நிற்கலாம், அவ்வளவு இடம்.

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். எல்லா உத்தரவும் போட்டு வேலை முடிந்த பிறகு, ‘ஆவணத்துக்காக’ என்று ஒரு தாளைப் பின்னால் சேர்த்துக் கட்டுவோம். அந்தத் தாள் எதையும் தீர்மானிக்காது. அந்த நான்கு தூண்களைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கிராமத்தில் இதற்கு இன்னும் நல்ல பெயர் உண்டு: ஒப்புக்குச் சப்பாணி.

தூணைச் சொல்லிப் பயனில்லை, அது இல்லாமலே வீடு நிற்கும். போனது திண்ணை. தரை உயர்ந்துவிட்டது, கிரானைட் படி வந்துவிட்டது, கேட் வந்துவிட்டது. எண்பது வயது அண்ணி கேட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தூணோரம் உட்கார ஆரம்பித்தார். தூணுக்கும் சுவருக்கும் இடையே நான்கடிதான் இடம். பத்து மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மழை பெய்தால் சாரல். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி, இரண்டாவது தூணின் தலையிலிருந்து இலைக்கொத்தில் ஒரு பகுதி, பாதித் தேங்காய் அளவு, பெயர்ந்து விழுந்தது. விழுந்தது அண்ணியின் நாற்காலி மேல். நாற்காலியின் கை முறிந்துவிட்டது. அவர் அப்போதுதான் எழுந்து உள்ளே போயிருக்கிறார். ஒட்டு விட்ட இடத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் நான் போனபோது அண்ணி எதுவும் குறை சொல்லவில்லை. முறிந்த நாற்காலியைக் காட்டி, “தம்பி, பழைய தூணு நாலுல ஒண்ணாவது வச்சிருக்காங்களா, வித்துட்டாங்களான்னு கேளுப்பா” என்றார். நான் கேட்டேன். இடித்த அன்றைக்கே பழைய மரக்கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அது இப்போது ஏதாவது ஓட்டலில் அலங்காரத்துக்கு நின்றுகொண்டிருக்கும். வீட்டில் தாங்கிய தூண் ஓட்டலுக்குப் போய்விட்டது. தாங்காத தூண் வீட்டுக்கு வந்துவிட்டது.

இப்படிப் பேசினால் எனக்கு வரும் பதில்கள் மூன்று. மூன்றுக்கும் விடை சொல்லிவிடுகிறேன்.

முதல் பதில்: ‘ரோமானியர்களே ஒப்புக்குத் தூண் வைத்திருக்கிறார்களே!’ இதைக் கேட்டவர் ஒரு சிவில் எஞ்சினியர், விஷயம் தெரிந்தவர். உண்மைதான். கி.பி. 80-இல் திறந்த கொலோசியத்தின் வெளிச்சுவரில், கீழ்த்தளத்தில் டோரிக் போன்ற தூண், அடுத்ததில் அயோனிக், அதற்கு மேல் கொரிந்தியன் என்று அரைத்தூண்கள் உண்டு. எடையைத் தாங்குவது வளைவும் சுவரும்தான். ஆனால் அந்த அரைத்தூண் சுவரோடு சேர்ந்த கல். பிறகு ஒட்டிய ஓடு அல்ல, தலையில் விழாது. இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் பொய்த்தூண் விவகாரத்தில் ரோமானியர்களிலேயே எனக்குக் கட்சி ஆள் உண்டு. கட்டடக் கலைக்கு இன்றுவரை ஆதாரமாக இருக்கும் பத்துப் புத்தகத்தை எழுதிய விட்ருவியஸ், தன் காலத்து வீடுகளில் தூணுக்குப் பதில் நாணலைத் தீட்டி அது கூரையைத் தாங்குவது போலக் காட்டுகிறார்களே என்று வயிறெரிந்து எழுதியிருக்கிறார். கட்டடம் உறுதியாக இருக்க வேண்டும், பயன்பட வேண்டும், அழகாக இருக்க வேண்டும் என்று மூன்றைச் சொன்னவரும் அவரே. நம்மவர்கள் மூன்றாவதை மட்டும், அதுவும் செல்போன் படத்தில் பார்த்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பதில்: ‘அவன் பணம், அவன் வீடு, உமக்கென்ன?’ சரி. அவன் பணம்தான். திண்ணை மட்டும் அவன் ஒருவனுடையதா? பட்டாவில் அது வீட்டுக்காரருடையது, பழக்கத்தில் தெருவுடையது. திண்ணையை எடுப்பது தெருவுக்கு முதுகைக் காட்டுவது. அதைச் செய்துவிட்டு, தெருவுக்கு அழகு காட்ட நாலு தூண் வைப்பது என்ன நியாயம்?

மூன்றாவது பதில், இளைஞர்கள் சொல்வது: ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் பாணி, அடிமைப் புத்தி, தூக்கி எறியுங்கள்.’ இதற்கும் நான் உடன்பட மாட்டேன். புதுச்சேரிக் கடற்கரையில் ‘மேரி கட்டடம்’ என்று ஒன்று இருந்தது. வெளியூர்க்காரர்கள் மேரி மாதா பெயர் என்று நினைப்பார்கள். பிரெஞ்சில் நகராட்சி மன்றத்துக்கு ‘மெரி’ என்று பெயர். அது நம் வாயில் மேரி ஆயிற்று. வரிசைத் தூணும் உயர்ந்த கூடமுமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. நம் சுண்ணாம்பு, நம் செங்கல், நம் கொத்தனார். அந்தப் படிகளில் நான் பையனாக ஏறி இறங்கியிருக்கிறேன். கவனிப்பார் இல்லாமல் விட்டு விட்டு, 2014 நவம்பர் 29-இல் ஒரு மழையில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு கோடிக்கணக்கில் செலவு செய்து அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆனால் இடியாமல் காத்திருந்தால் அந்தச் செலவில் பத்துக் கட்டடத்துக்குக் கூரை மாற்றியிருக்கலாம். தாங்கிக்கொண்டு நின்ற தூணை வெள்ளைக்காரன் தூண் என்று அழிய விடுகிறோம். அதே கையால் அதன் பொம்மையை வாங்கி வீட்டு வாசலில் வைக்கிறோம். அடிமைப் புத்தி என்றால் இதுதான்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் இருப்பது விருத்தாசலம் பக்கம். களிமண்ணை அச்சில் ஊற்றி உருவம் எடுக்கத் தெரிந்த ஊர். மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கட்டையைப் பாருங்கள். அதில் ஒரு மேடு, ஒரு பள்ளம் காரணமில்லாமல் இருக்காது. கம்பத்தில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டருக்குப் பாவாடை போல வளையம் வளையமாக இருக்குமே, அது மழைத்தண்ணீர் வழியாக மின்சாரம் ஒழுகிப் போகாமல் இருக்க. பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது. அச்சில் செய்வது குற்றமல்ல. எதற்கு என்று கேட்காமல் செய்வதுதான் குற்றம்.

கொரிந்தியன் இலையே வேண்டும் என்றால் அதற்கும் ஒரு யோசனை. அந்தக் கிரேக்க முள்ளிச் செடியின் நெருங்கிய சொந்தம் நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிச்சாவரத்தில் படகில் போகும்போது கரையோரச் சேற்றில் முள் இலையும் நீலப் பூவுமாக நிற்குமே, கழுதைமுள்ளி, அதேதான். இரண்டும் ஒரே இனம். நம் கொத்தனார் ஒருவர் அதைப் பார்த்து ஒரு தூண் தலை செய்யட்டும். நானே போய் மாலை போடுகிறேன். ஆனால் அந்தத் தூண் கூரையைத் தாங்க வேண்டும், அதன் பின்னால் ஆள் உட்கார நிழல் இருக்க வேண்டும்.

அண்ணன் மகன் கெட்டவன் அல்ல. நாற்காலி முறிந்த மறுவாரமே வந்து, “சித்தப்பா, நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றான். அவன் கேட்டது சரி. நான் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் அந்த வீட்டில். நான் பெயரைச் சொன்னேனே தவிர, வேலையைச் சொல்லவில்லை. இப்போது கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஆறடி நீளத்துக்கு ஒரு கடப்பைக்கல் திண்ணையும் அதற்கு மேல் ஒரு ஓட்டுச் சார்ப்பும் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறான். சார்ப்புக்கு இரண்டு தூண் வேண்டும். வேப்ப மரமே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடியில் வைக்கப் பழைய கருங்கல் பாதம் இரண்டு கொல்லையில் துணி துவைக்கக் கிடக்கிறது. அதை அண்ணி எடுத்து வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் செல்போனில் ஒரு முகப்பைக் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். என்னைப் போலப் படித்ததை எடுத்து விடவும் வேண்டாம். இந்தத் தூண் எதைத் தாங்குகிறது, இதன் நிழல் எங்கே விழுகிறது, இந்த வாசலில் உன் பாட்டி எங்கே உட்காருவாள் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால், கிரேக்கமோ ரோமோ செட்டிநாடோ, தாராளமாகக் கட்டட்டும்.